மூன்று சாவிகள்

சிக்ஸ்தனை அடக்கம் செய்துவிட்டு வந்து
தேவாலயக் கூடத்தில் காபி குடிக்கிறோம்.
மார்ச் மாதம். ஆறு இன்னும்
பனிக்கட்டிக்கு அடியில் முனகுகிறது.
இறால் அடுக்கிய சாண்ட்விச் கேக்கை
இங்கெயெர்ட் தன் கையாலேயே வெட்டுகிறாள்.
நீ உட்கார் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஓகெ வந்து என் எதிரே அமர்கிறான்.
பதினோரு வருடமாக இந்த ஊரில்
அவன் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

நகராட்சியின் குப்பை எரிக்கும் ஆலை
எங்கள் வீடுகளுக்கெல்லாம் வெப்பம் தந்தது.
அதன் புகைக்கு இரண்டு பதிவேடுகள்.
ஆய்வாளர்களுக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று.
அலமாரிப் பதிவேடு என் மேசைக்கு வந்தது
காய்ந்த ரொட்டி உறைக்குள்,
டயாக்சின் அளவுகள் பென்சிலில்.

அலமாரிக்குச் சாவிகள் மூன்று.
சிக்ஸ்தனிடம் ஒன்று. ஓகெயிடம் ஒன்று.
மூன்றாவதை வைத்திருந்த டீரா
அந்த வசந்தத்தில் ஸ்பெயினில் இருந்தேன் என்கிறாள்.

ஆலையை மூடினார்கள்.
வெப்பக் கட்டணம் இரண்டு மடங்கானது.
நகராட்சித் தலைவர் யால்மர்
கூட்டத்தில் மேசையைத் தட்டி,
"கொடுத்தது யார்?" என்றார்.
இந்த நாட்டில் அதிகாரி அப்படிக் கேட்பதே குற்றம்.
அபராதம் கட்டினார்.
அதன்பின் யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே முடிவுசெய்துகொண்டார்கள்.
ஓகெ அந்த வருடம் புதுப் படகு வாங்கியிருந்தான்.
அது போதுமாக இருந்தது.

வெளிநாட்டு நிருபர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்:
உங்களுக்கு எப்பேர்ப்பட்ட உரிமை!
உரிமை என்றால் வேண்டாமென்று வைத்துவிடலாம்.
இதை வைக்க முடியாது.
வாய் திறந்தால் சிறைக்குப் போவது நான்.
திறக்கச் சொல்லும் அதிகாரம் ஒருவருக்குத்தான்,
அந்த ஒருவர் சொல்லவில்லை.
பூட்டு என் வாயில்.
வாடகை மட்டும் ஓகெ கட்டினான்,
படகில் தனியாக,
பதினோரு கோடைகள்.

"யாரென்று கேட்கவில்லை," என்கிறான் இப்போது.
"நான் இல்லை என்று மட்டும் சொல்."

கரண்டிச் சத்தம் நிற்கிறது.

மூன்றில் ஒன்று போனால் இரண்டு.
இரண்டில் ஒருத்தி ஸ்பெயினில்.
மிஞ்சுவது
இன்று காலை மண்ணுக்குள் இறக்கிய பெயர்.
சிறுபிள்ளைக் கணக்கு.
நான் 'இல்லை' என்று முடிப்பதற்குள்
கூடமே போட்டுவிடும்,
கேக் கத்தியோடு நிற்பவளும்.

அல்லது,
கேட்கிறவனே அவனாக இருக்கலாம்.
ஊர் பார்க்கக் கேட்டால் ஊர் நம்பும் என்று.
அல்லது ஸ்பெயினில் அந்த வசந்தம்
டீரா இல்லாமலே பூத்திருக்கலாம்.
நான் எதுவும் சொல்லவில்லை.
இதையும்தான்.

சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்துகிறேன்.
நகர்த்திய கை பாதியில் பயப்படுகிறது:
இதுவே பதிலாகிவிட்டதோ?
டீராவின் பக்கமும் நகர்த்துகிறேன்.
பிறகு, எல்லோரும் பார்க்க,
யாருமில்லாத நாற்காலியின் பக்கமும்.

இங்கெயெர்ட் என் கோப்பையை நிரப்புகிறாள்.
முப்பத்தெட்டு வருடம் ஒரே போர்வைக்குள் கிடந்தவனைப் பற்றி
அவளுக்கும் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது.
விளிம்புவரை ஊற்றுகிறாள்.
துளி சிந்தவில்லை.
கேட்கவுமில்லை.

படிப்பவர்களே,
மேலே எழுதிய பெயர்கள் யாருடைய பெயரும் அல்ல.
ஆறு ஒருவேளை ஏரி.
ரொட்டி உறை ரொட்டி உறை இல்லை.
சாவிகள் மூன்றுதானா என்றும்
என்னிடம் கேட்க வேண்டாம்.
காபி மட்டும் உண்மை.
எதிரே இருந்தவன் அதைக்
கடைசிவரை
சர்க்கரை போடாமலே குடித்தான்.